பிரைட்டன் மாமா

"சன்செட்னா அங்கதாம்ப்பா. கரை பூரா கூழாங்கல். பொட்டு மணல் கிடையாது. ராத்திரி ஒன்பதே காலுக்கு அஸ்தமனம்!"

பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்சில் தினமும் இது எங்கள் காதில் விழுகிறது. மாமா ஒரு ஜூன் மாதம் பிரைட்டனில் பிள்ளை வீட்டில் இருந்துவிட்டு வந்தவர். ஒன்பதே காலை அவரே சாங்ஷன் செய்த மாதிரி சொல்வார். சாயங்கால சந்தியை எத்தனை மணிக்குப் பண்ணினார் என்று கேட்டால் மட்டும் பேச்சு மாறும்.

இதையாவது பொறுக்கலாம். அலை பின்வாங்கும்போது கற்கள் உருளும் சத்தத்தை வாயால் செய்து காட்டுவதுதான் தாங்கவில்லை. கண்ணை மூடி, பல்லிடுக்கில் காற்றை உள்ளே இழுத்து, 'ஷ்ர்ர்ர்ர்' என்பார். மேல் பல்செட் லேசாக ஆடும். அதுவும் எஃபெக்டில் சேர்த்தி. நம் கடலில் அலை திரும்பும்போதெல்லாம் அதற்கு ஒரு பின்னணி கொடுப்பார். அலை எங்கே ஓய்கிறது? சுண்டல்காரப் பையன் ஒருநாள், "தாத்தாவுக்கு மூச்சு வாங்குதா?" என்று தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தான். மாமா தண்ணீரைக் குடித்துவிட்டு, அவனுக்கும் ஒரு 'ஷ்ர்ர்ர்ர்' செய்து காட்டினார்.

அங்கே வெஸ்ட் பியர் என்று ஒரு கடல் பாலம். 1975இல் மூடி, 2003இல் எரிந்து, கடலுக்குள் வெறும் எலும்பாக நிற்கிறது. அது 'என்ன அழகு!' 1977இல் இடிந்த நம் அடையாறு உடைந்த பாலமோ 'மெயின்டனன்ஸ் இல்லை.'

மேல்துண்டில் முடிந்து கொண்டுவந்த நாலு கூழாங்கல்லும் உண்டு. மாமி அவற்றை மாடியில் வடாம் காயும் வேட்டிக்கு மூலைக்கு ஒன்றாக வைத்திருக்கிறாள். அவற்றால் நடந்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

போட்டோவும் பார்த்தேன். சூரியன் வீட்டுக் கூரைகளுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. இறங்காமல்? பிரைட்டனுக்குக் கடல் தெற்கே. ஜூனில் அங்கே சூரியன் மறைவது வடமேற்கில். மாமா அங்கேயும் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் அஸ்தமனம் பார்த்திருக்கிறார். சொல்ல மனசு வரவில்லை. பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான் அந்தப் படத்தில்.

ஆனால் போன பௌர்ணமிக்கு எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. மேற்கே வெயில் அடங்க, கிழக்கே கடலிலிருந்து தாம்பாளம் மாதிரி நிலா எழுகிறது. பிரைட்டன்காரன் ஜூன் மாதத்தில் தவம் கிடந்தாலும் இப்படி நேர் கிழக்குக் கடலில் கிடைக்காது. "மாமா, திரும்புங்கோ" என்றேன். அவர் ஃபிளாட்டுகளின் தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே சூரியனைத் தேடிக்கொண்டே, "அங்கெல்லாம் இந்நேரத்துக்குப் பட்டப்பகல் தெரியுமோ?" என்றார். நிலா மேலே போய்விட்டது.

அடுத்த மாதம் பெண் வீட்டுக்குக் கலிஃபோர்னியா போகிறாராம். அங்கே பெபிள் பீச் என்று ஊருக்கே பெயர். மேற்கே பசிபிக்; சூரியன் கடலிலேயே விழும். நான் இப்போதே வாக்கிங்கை மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவுக்கு மாற்றிக்கொண்டுவிட்டேன்.