காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு புரியாமல் படிப்பது எப்படி?

பத்தாம் வகுப்புக் கணக்கையும் வேதியியலையும் படிக்க இரண்டு வழி உண்டு. ஒன்று மனப்பாடம், இன்னொன்று புரிந்துகொள்வது. முதல் வழி தலைமுறை தலைமுறையாகச் சோதித்துத் தேறிய வழி. டியூஷன் சென்டர் வாசலில் தொங்கும் பிளெக்ஸ் பேனரைப் பாருங்கள், அத்தனை முகமும் மனப்பாட முகம். "புரிந்துகொண்ட மாணவர்" என்று போட்டோ போட்ட பேனரை இந்த ஊர் இன்னும் பார்க்கவில்லை.

மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு இதில் சிக்கல் கிடையாது. அவர்கள் பாட்டுக்கு உருப்போடலாம், குறுக்கே எதுவும் வராது. காஞ்சிபுரத்துப் பிள்ளைகள் பாடுதான் திண்டாட்டம். வீட்டுக்குள் தறி, அடுத்த தெருவில் சாயப்பட்டறை, எந்தப் பக்கம் திரும்பினாலும் கோபுரம். வரையறையை முணுமுணுத்துக்கொண்டு நடக்கும்போது ஏதோ ஒன்று கண்ணில் பட்டு, "அட, இதுதானா அது!" என்று தோன்றித் தொலைக்கும். அப்புறம் கைடில் உள்ளபடி வரிக்கு வரி எழுத வராது. அந்த ஆபத்தைத் தவிர்க்கச் சில யோசனைகள் இங்கே.

முதலில் உட்காரும் இடம். தறி இருக்கிற கூடத்துக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். மொட்டை மாடி இருந்தால் உத்தமம். அணிகள் பாடத்துக்கு இது கட்டாயம். எண்களை நிரைகளும் நிரல்களுமாகச் செவ்வக வடிவில் அடுக்கினால் அது அணி. படுக்கையாகப் போவது நிரை, மேலிருந்து கீழே இறங்குவது நிரல். 3 நிரை, 4 நிரல் இருந்தால் அணியின் வரிசை 3 × 4. கண்ணை மூடிக்கொண்டு பத்து தடவை சொன்னால் பதிந்துவிடும். கண்ணைத் திறந்தால் வம்பு, எதிரே குழித்தறியில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு தாத்தா உட்கார்ந்திருப்பார்.

"நிரைன்னா என்னடா?"

"குறுக்கால போறது தாத்தா."

"அப்ப ஊடை. நிரல்?"

"நெடுக்க போறது."

"பாவு. இதுக்கா நாலு நாளா முட்டிக்கிற?"

இந்தப் பேச்சை இங்கேயே நிறுத்திவிடுங்கள். விட்டால், பாவு இழை ஒவ்வொரு இடத்திலும் ஊடைக்கு மேலே கிடக்கிறதா, கீழே கிடக்கிறதா என்று பார்க்கச் சொல்வார். மேலே என்றால் 1, கீழே என்றால் 0 என்று நோட்டில் எழுதத் தோன்றும். சாதா நெசவுக்கு முதல் நிரை 1 0 1 0, அடுத்த நிரை 0 1 0 1. முந்தானையில் மயிலோ யாளியோ வந்தால் 1-ம் 0-ம் வேறு மாதிரி இடம் மாறி உட்காரும், அவ்வளவுதான். டிசைன் போடுகிறவர் கட்டம் போட்ட தாளில் பொறுமையாக நிரப்பிக்கொண்டிருப்பதும் இதே அணியைத்தான். மதிப்பெண்ணில் குறியாக இருக்கிற பிள்ளை அவர் வீட்டுப் பக்கம் போகாது.

தலையை நிமிர்த்தவும் கூடாது. மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கிறது. கோத்துத் தொங்கும் அட்டைகளில் ஓட்டை இருந்தால் கொக்கி பாவு இழையைத் தூக்கும், ஓட்டை இல்லையென்றால் தூக்காது. ஒரு அட்டைக்கு ஒரு நிரை. 240 கொக்கிப் பெட்டி என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு கொக்கிக்கும் இரண்டே வாய்ப்பு. ஆக, குத்தக்கூடிய வெவ்வேறு அட்டைகள் 2-இன் அடுக்கு 240. எழுதினால் 73 இலக்கம் வரும். பூமியில் உள்ள அணுக்களின் எண்ணிக்கையே சுமார் 51 இலக்கம்தான். அடுக்கு எண் என்ற அத்தியாயத்தின் மொத்த விஷமமும் இந்த அழுக்கு அட்டையில் இருக்கிறது. ஜக்கார்ட் இந்த இயந்திரத்தைப் பிரான்சில் 1804-இல் கொண்டுவந்தார், பிறகு சார்லஸ் பாபேஜ் தம்முடைய கணக்கிடும் இயந்திரத்துக்கு ஓட்டை அட்டை யோசனையை இதிலிருந்து எடுத்துக்கொண்டார். பதினோராம் வகுப்பில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்புக்கு நன்கொடை கட்டத் தயாராக இருக்கும் அப்பாவிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள். கம்ப்யூட்டரின் தாத்தா கூடத்திலேயே இருக்கிறது என்று தெரிந்தால் பணத்தை உள்ளே வைத்துவிடுவார்.

கணங்கள் பாடத்தின்போது கோர்வைத் தறி இருக்கிற வீடுகளைத் தவிர்க்கவும். கோர்வையில் ஊடையைக் கொண்டுபோக உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா, மொத்தம் மூன்று. கரையின் ஊடையும் உடலின் ஊடையும் சந்திக்கிற இடத்தில் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு திரும்பும். கரைக் கணமும் உடல் கணமும் வெட்டிக்கொள்ளும் அந்தக் கோடு வெற்றுக் கணமாக இருந்தால் கரை தனியே கழன்று கையோடு வந்துவிடும். சேலை கிழிந்தாலும் கரை பிரியாது என்று கடைக்காரர் சத்தியம் செய்வது இந்த வெட்டுக் கணத்தை நம்பித்தான். இந்த நெசவுக்கு வலப்பக்கம் நாடா தள்ள ஒரு துணை ஆள் வேண்டும். ஒரு காலத்தில் அந்த இடத்தில் பெரும்பாலும் பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைதான் உட்கார்ந்திருந்தது. வெட்டுக் கணத்தை விரல் நுனியில் வைத்திருந்த அந்தப் பிள்ளைகள் கணங்கள் பாடம் நடத்தும் வகுப்பு வரைக்கும் போகவில்லை. அது வேறு கதை, இந்தக் கையேட்டில் வராது.

வெற்றுக் கணத்துக்குத் தனியே எடுத்துக்காட்டு கேட்டால் "பாலாற்றில் ஓடும் தண்ணீர்" என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். 2021 நவம்பர் மாதிரி எப்போதாவது வெள்ளம் கரை புரண்டு வந்து விடையைத் தப்பாக்கிவிடும்.

வேதியியலில் பெரிய கண்டம் மோல். எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் என்பதால், இதைப் புரியாமலே வைத்துக்கொள்வது மற்ற எதையும்விடச் சுலபம். 6.022 × 10²³ துகள்கள் சேர்ந்தால் ஒரு மோல். ஒரு தனிமத்தின் ஒரு மோல் அணுக்களை நிறுத்தால் அதன் அணு நிறை எத்தனையோ அத்தனை கிராம் இருக்கும். இதை அப்படியே விழுங்கிவிட்டுத் தண்ணீர் குடித்துவிடுங்கள். "அணுவை ஏன் எண்ண வேண்டும், தராசில் நிறுத்தால் போதாதா?" என்ற கேள்வி மட்டும் மனதில் எழக்கூடாது. எழுந்தால், வீட்டில் ஜரிகைக் கட்டை இருக்கும் அலமாரி பக்கம் போகாதீர்கள். பதில் அங்கே இருக்கிறது.

காஞ்சிபுரத்தில் உள்ள அரசு ஜரிகை ஆலையின் அசல் ஜரிகையில் வெள்ளி 40 சதவீதம், செம்பு 35.5, பட்டு 24, தங்கம் 0.5. ஜரிகையை இங்கே மார்க் கணக்கில் வாங்குவார்கள், ஒரு மார்க் ஏறக்குறைய 240 கிராம். சதவீதக் கணக்குப் போட்டால் வெள்ளி 96 கிராம், செம்பு 85.2, பட்டு 57.6, தங்கம் 1.2. கூட்டிப் பார்த்தால் சரியாக 240. இதில் எந்த உலோகம் அதிகம்? வெள்ளி என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். தராசைக் கேட்டால் அதுதான் பதில்.

இப்போது அணு நிறையால் வகுத்துப் பாருங்கள். வெள்ளியின் அணு நிறை 108, ஆகவே 96 கிராம் என்பது 0.89 மோல். செம்பின் அணு நிறை 63.5, ஆகவே 85.2 கிராம் என்பது 1.34 மோல். எடையில் பின்தங்கிய செம்பு, தலைகளை எண்ணினால் வெள்ளியை முந்திவிட்டது. இரண்டு வெள்ளி அணுவுக்கு மூன்று செம்பு அணு! செம்பு அணு எடை குறைவு. அதே எடைக்கு அதிகம் பேர் ஏறிக்கொள்வார்கள். தராசு சொல்வது ஒன்று, தலைக்கணக்கு சொல்வது இன்னொன்று. வேதிவினையில் அணுவோடு அணு கைகோத்துக்கொள்வதால் அங்கே தலைக்கணக்குதான் செல்லுபடியாகும். மோல் என்ற ஏற்பாடே அதற்காகத்தான். அரை சதவீதம்தானே என்று அலட்சியமாகப் பார்க்கிற அந்த 1.2 கிராம் தங்கத்தில்கூட 3.67 × 10²¹ அணுக்கள் இருக்கின்றன. பெண்ணுக்கு நகை போதவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற சம்பந்தி வீட்டாரிடம் சொல்லலாம். தேர்வில் பிரயோஜனமில்லை.

ஜரிகையை முன்வைத்து இன்னொரு சொல்லும் புரிந்துவிடக்கூடும். சேர்மம் என்றால் தனிமங்கள் குறிப்பிட்ட விகிதத்தில் வேதிமுறையில் இணைந்து, தங்கள் பழைய குணத்தை விட்டுப் புது ஆளாக மாறுவது. ஜரிகை அப்படிப்பட்டதில்லை. நடுவே சிவப்புப் பட்டிழை, அதன்மேல் சுற்றிய உலோகக் கம்பி, அதற்கும் மேலே தங்க முலாம். ஒவ்வொன்றும் அதனதன் குணத்தோடுதான் இருக்கிறது. புடவைக் கடையில் ஜரிகையை நகத்தால் சுரண்டிச் சிவப்பு தெரிகிறதா என்று பார்க்கும் அத்தைக்கு இந்த அமைப்பு அத்துப்படி. சேர்மம் வேண்டுமென்றால் பாட்டியின் பீரோவைத் திறக்க வேண்டும். வருஷக்கணக்கில் மடித்த மடிப்பிலேயே கிடந்து கறுத்துப்போன ஜரிகை இருக்கும். காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களோடு வெள்ளி வினைபுரிந்து வெள்ளி சல்பைடு ஆகிவிட்டது. அந்தக் கறுப்பில் வெள்ளியின் பளபளப்பும் இல்லை, கந்தகத்தின் மஞ்சளும் இல்லை. பீரோவைச் சாத்திவிட்டுப் படிக்கப் போங்கள்.

சாயப்பட்டறை இருக்கும் தெருவில் போவதானால் மூக்கைப் பொத்திக்கொண்டு, முடிந்தால் கண்ணையும் பொத்திக்கொண்டு போகவும். கரைபொருள், கரைப்பான், கரைசல், செறிவு, அமிலம், காரம் எல்லாம் அங்கே ஆவி பறக்கக் கொதித்துக்கொண்டிருக்கும். கச்சாப் பட்டில் ஃபைப்ராயின் என்ற புரதத்தைச் சுற்றி செரிசின் என்ற பசை ஒட்டியிருக்கிறது. எடையில் ஏறக்குறைய கால் பங்கு இந்தப் பசைதான். சோப்பும் சோடாவும் போட்ட வெந்நீரில் அவித்தால் பசை கரைந்து போய்ப் பட்டுக்குப் பளபளப்பு வருகிறது. அது காரக் கரைசல், பி.எச். மதிப்பு 7-க்கு மேலே. அடுத்து சாயத் தொட்டி. அங்கே அமிலம் சேர்ப்பார்கள், பி.எச். மதிப்பு 7-க்குக் கீழே இறங்கும். அமிலத்தில் பட்டின் புரதம் நேர்மின் சுமை ஏற்றுக்கொள்ளும், எதிர்மின் சுமையுள்ள சாயத் துகள் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். கைடில் அயனிப் பிணைப்பு என்று அரைப் பக்கத்துக்குப் போட்டிருக்கிறார்களே, அதுதான் இது. சாயக்காரர் அயனி என்ற சொல்லைக் கேட்டிருக்க மாட்டார். தொட்டித் தண்ணீர் வெளுத்து வருவதைப் பார்த்தே சாயம் நூலில் ஏறிவிட்டது என்று சொல்லிவிடுவார். கரைசலின் செறிவு குறைகிறது என்று நாம் மூன்று வரி எழுதுவதை அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்து முடித்துவிடுகிறார். இப்படிப்பட்டவரோடு பழக்கம் வேண்டாம்.

கோயிலுக்குப் போவதில் தப்பில்லை, தேர்வுக்கு முன்னால் போகத்தான் வேண்டும். ஆனால் வரதராஜப் பெருமாள் கோயில் குளத்தருகே நின்று, உள்ளே இருக்கும் அத்திவரதர் அடுத்து எப்போது வெளியே வருவார் என்று யோசிக்காதீர்கள். 1979, 2019, அடுத்து 2059. பொது வித்தியாசம் 40. கூட்டுத் தொடர்வரிசை உங்களைக் கேட்காமலே புரிந்துவிடும். 2019-இல் அப்பாவின் தோள்மீது ஏறிக் கூட்டத்தில் நசுங்கியவர்கள், அடுத்த உறுப்பு வரும்போது தங்களுக்கு என்ன வயது என்றும் கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்கள்.

அதே கோயிலின் குடலை இட்லியைச் சாப்பிடலாம், அளக்கக்கூடாது. மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் மிளகு, சீரகம், சுக்கு, நெய் எல்லாம் போட்ட மாவை ஊற்றி வேகவைக்கிறார்கள். வெந்து வருவது ஒரு உருளை. கன அளவு பை ஆர் ஸ்கொயர் எச். வீட்டு இட்லி சில நிமிடத்தில் வெந்துவிட, இதற்கு மட்டும் ஏன் மணிக்கணக்கில் ஆவி வேண்டும் என்று கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள். ஒரு பொருளின் எல்லா அளவையும் இரட்டித்தால் புறப்பரப்பு நான்கு மடங்குதான் ஆகும், கன அளவோ எட்டு மடங்கு ஆகிவிடும். சூடு நுழைகிற வாசல் நான்கு மடங்கு, வேக வேண்டிய மாவு எட்டு மடங்கு. அளவியல் பாடத்தில் இந்த ஊரின் பங்கு இவ்வளவுதான், மீதியைக் கைடு பார்த்துக்கொள்ளும்.

புரிந்துகொள்வது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இந்த ஊர்க் காற்றைச் சுவாசித்த ஒருவரே சாட்சி. ஈரோட்டில் 1887-இல் பிறந்த ஸ்ரீநிவாச ராமானுஜன், சிறு வயதில் கொஞ்ச காலம் காஞ்சிபுரத்தில் தாய்வழித் தாத்தா வீட்டில் இருந்தார். தாத்தாவுக்கு இங்கே கோர்ட்டில் உத்தியோகம். பிற்பாடு என்ன ஆயிற்று? கணக்கு புரிந்துபோனதால் மற்றப் பாடத்தில் மனம் போகாமல், கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை பறிபோனது. சென்னையில் எப்.ஏ. தேர்விலும் தேறவில்லை. 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினராக எடுத்துக்கொண்டார்கள் என்பதெல்லாம் சரி, அதை வைத்து எந்த கவுன்சலிங்கில் சீட் கொடுப்பார்கள்?

இத்தனைக்கும் பிறகு ஒரு பாடம் புரிந்தே போய்விட்டால் பதற வேண்டாம், முதலுதவி உண்டு. கைடை எடுத்து அந்த வரையறையைச் சத்தமாக, நிறுத்தாமல், மூச்சு வாங்கும் வரை படியுங்கள். தாத்தா "சரிதான், பாவைச் சொல்றான்" என்று குரல் கொடுத்தால் சத்தத்தைக் கூட்டுங்கள். தேர்வறையில் "நிரல் என்றால் என்ன?" என்று கேட்டிருந்தால், கை தானாகப் "பாவு" என்று எழுத ஓடும், பிடித்து நிறுத்துங்கள். திருத்துகிறவர் எந்த ஊரோ, அவர் கையில் இருக்கிற விடைக்குறிப்பில் பாவும் இல்லை ஊடையும் இல்லை. "அணியில் மேலிருந்து கீழாக அமைந்த உறுப்புகள்" என்று எழுதி, அளவுகோல் வைத்துப் பென்சிலால் அடிக்கோடு போடுங்கள்.