புதுநடை

ஆடி மாதம் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் போனால் மொய் விருந்து பார்க்கலாம். பந்தலில் வரிசையாக மேசை போட்டு, ஒவ்வொன்றிலும் ஊர்ப்பெயர் எழுதிய அட்டை வைத்திருப்பார்கள். ஆட்டுக்கறிச் சாப்பாட்டை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, தன் ஊர் மேசையில் பணத்தைக் கொடுத்துப் பெயரைச் சொல்ல வேண்டும். பழைய நடை எவ்வளவு, புதுநடை எவ்வளவு என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வார்கள். உனக்கு நான் பாக்கிப்பட்டதைத் திருப்பினால் அது பழைய நடை. அதற்கு மேல் வைப்பது புதுநடை. நான் விருந்து வைக்கும்போது நீ அதைத் திருப்பியாக வேண்டும்.

முதன்முதலில் இதைப் பார்க்க என்னைக் கூட்டிக்கொண்டு போனவர் ஓர் எழுத்தாளர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் மனைவிக்கு அந்தப் பக்கம்தான் பிறந்த ஊர். மொய் நோட்டு எழுதுகிறவர் கேட்ட கேள்வியைக் காதில் வாங்கிக்கொண்டு அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "தமிழ்நாட்டுல நடையைப் பத்தி இவ்வளவு கறாரா விசாரிக்கிற இடம் இது ஒண்ணுதான்டா."

சென்னையில் எங்கள் மொய் விருந்து மார்கழியில் தொடங்கும். புத்தகக் காட்சி நெருங்க நெருங்க ஒரு மாலையும் சும்மா இருக்காது. அண்ணாசாலையில் தேவநேயப் பாவாணர் நூலக அரங்கைப் பிடிக்கத் தெரிந்தவன் முகூர்த்த நாளில் மண்டபம் பிடிப்பவனை விடக் கெட்டிக்காரன். மேடையில் ஒன்பது பேர், கீழே பத்தொன்பது பேர். அந்தப் பத்தொன்பதில் நாலு பேர் நூலாசிரியரின் அலுவலகத்தார், மூன்று பேர் மைத்துனர் வீட்டார், இருவர் அடுத்த வாரம் இதே அரங்கை எடுத்திருப்பவர்கள், ஒருவர் புகைப்படக்காரர். அச்சடித்தது ஐம்பது பிரதி. நூலாசிரியர் முப்பதை வாங்கிக்கொண்டுபோய் மேடைக்கும் முன்வரிசைக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். முதல் பிரதியைப் பெற்றுக்கொள்கிறவர், பெற்றுக்கொள்கிற சைகையிலேயே கேமரா பார்த்துச் சிரித்தபடி அரை நிமிடம் நிற்க வேண்டும். அந்தப் படத்துக்காகத்தான் விழாவே.

அப்புறம் பேச்சு. "நூலை இன்னும் முழுமையாக வாசிக்க வாய்க்கவில்லை" என்று ஆரம்பித்து நாற்பது நிமிடம் பேசுவார்கள். வாசித்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். "தவிர்க்க முடியாத குரல்" என்றால் அழைப்பிதழைத் தவிர்க்க முடியவில்லை என்று பொருள். "காலம் முடிவு செய்யும்" என்றால் எனக்குப் பிடிக்கவில்லை. "தமிழின் மார்க்வெஸ்" என்றால் ஆசிரியர் கையில் ஏதோ ஒரு விருதுக்குழு இருக்கிறது. ஒரே மாலையில் ஒரே மேடையில் மூன்று மார்க்வெஸ்கள் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரே தட்டிலிருந்து மிக்சர் எடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு மட்டும் கை சுத்தம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒரு நண்பரின் நாவல் வெளியீட்டில், கதாநாயகியின் முதுமைத் துயரைப் பற்றிக் குரல் தழுதழுக்கப் பத்து நிமிடம் பேசினேன். வீட்டுக்கு வந்து புரட்டினால் அவள் மூன்றாம் அத்தியாயத்திலேயே பிரசவத்தில் செத்துப்போயிருக்கிறாள். அரங்கில் ஒருவரும் மறுக்கவில்லை. நூலாசிரியரோ கண் கலங்கி என் கையைப் பிடித்து, "கருவைத் தொட்டுட்டீங்க சார்" என்றார். எட்டு மாதம் கழித்து என் கட்டுரைத் தொகுப்புக்கு அவர் வந்து பேசினார். அதில் உள்ள கவிதைகள் அவரை உலுக்கிவிட்டனவாம். பழைய நடை நேராகிவிட்டது.

இதில் புதுநடை வைப்பதில்தான் சூட்சுமம். நான் உனக்குப் பின்னட்டை எழுதினேன், நீ எனக்கு முன்னுரை எழுது. நான் உன் தொகுப்பைச் சிறந்த பத்தில் சேர்த்தேன், நீ என்னைச் சிறந்த ஐந்தில் சேர். நான் உன் ஊருக்கு வந்து பேசினேன், நீ என் கல்லூரிக் கருத்தரங்கில் போக்குவரத்துச் செலவு கேட்காமல் பேசு. வடகாட்டுக்காரர் இதையெல்லாம் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வங்கியில் கட்டுகிறார். நாம் இதற்கு நட்பு என்று பெயர் வைத்திருக்கிறோம். கறி கூடப் போடுவதில்லை.

சரி, சண்டையாவது போடுகிறோமா? போடுகிறோம். அழைப்பிதழில் பெயர் ஏழாவதாக வந்ததற்குப் போடுகிறோம். பட்டியலில் விட்டுப்போனதற்குப் போடுகிறோம். மேடையில் நடு நாற்காலிக்குப் போடுகிறோம். ஒரு வரிக்காக, ஓர் உருவகத்துக்காக, நாவலின் கடைசி அத்தியாயம் தேவையா என்பதற்காக நண்பர்கள் இருவர் முகம் திருப்பிக்கொண்டு போனதாகச் சமீபத்தில் கேள்விப்பட்டீர்களா?

1930களில் பாரதி மகாகவியா இல்லையா என்று ஒரு சண்டை நடந்தது. மகாகவிதான் என்று நின்றவர் வ.ரா.; அதை ஒப்புக்கொள்ளாத கட்சியில் கல்கி. அந்தச் சண்டையின் சூட்டில் கு.ப.ரா.வும் சிட்டியும் சேர்ந்து எழுதிய 'கண்ணன் என் கவி' 1937இல் புத்தகமாக வந்தது. பத்து வருடம் கழித்து, 1947இல், எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் எழும்பியது. வாசகர்களிடம் பணம் திரட்டி அதை எழுப்பியவர் அதே கல்கி. சண்டை போட்டவர்கள் படித்துவிட்டுப் போட்டார்கள். 1959 ஜனவரியில் 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பாவுக்கும் க.நா.சு.வுக்கும் ரசனை பெரிதா அலசல் பெரிதா என்று வருடக்கணக்கில் வாதம் ஓடியது. செல்லப்பா தான் போட்ட புத்தகங்களைத் தானே மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக விற்கப் போனவர். அவர் யாரையாவது திட்டினால் அந்தத் திட்டுக்குத் தோள் வலி கொடுத்து உரிமை வாங்கியிருந்தார்.

அது பொற்காலம் என்று சொல்லவில்லை. 1921இல் பாரதியின் கடைசி ஊர்வலத்தில் இருபது பேர்கூட இல்லை என்றுதான் சொல்கிறார்கள். கு.ப.ரா. 1944இல் போனார், புதுமைப்பித்தன் 1948இல் திருவனந்தபுரத்தில் காசநோயில் போனார். இருவருக்கும் 42 வயது. எழுதுகிறவனைச் சாகவிடுவதில் நமக்கு நீண்ட மரபு உண்டு. நம் தலைமுறை அதில் சேர்த்திருப்பது கூட்டத்தை மட்டும்தான். அன்றைக்குச் சாவுக்கும் ஆள் வரவில்லை. இன்றைக்குச் சாவுக்கு வருகிறார்கள்.

நட்பு என்றால் இப்படியும் இருந்திருக்கிறது: இடைசெவல் என்ற சின்னக் கரிசல் ஊரிலிருந்து எழுத வந்த இரண்டு பையன்கள். ஒருவர் கு. அழகிரிசாமி, இன்னொருவர் கி. ராஜநாராயணன். இருவருக்கும் சங்கீதப் பைத்தியம், இருவருக்கும் கடிதப் பைத்தியம். அழகிரிசாமி 1970இல் போய்ச் சேர்ந்த பிறகு, அவர் தனக்கு எழுதிய கடிதங்களைப் புத்தகமாக்கியவர் கி.ரா. நாமும் நண்பர்கள் எழுதுவதையெல்லாம் பத்திரப்படுத்துகிறோம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து. நாளைக்குப் பகை வந்தால் வேண்டுமே.

அண்ணனுக்கு வருகிறேன்.

அவர் புதுநடை வைக்கத் தெரியாத மனிதர். முன்னுரை கேட்டுப் போனால் கையெழுத்துப் பிரதியை வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு மாதம் கழித்துப் பேருந்து பிடித்து வீட்டுக்கே வருவார். வந்து, நாற்பதாம் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கலாம், முன்னால் இருப்பதெல்லாம் தொண்டையைச் செருமுவது என்பார். முன்னுரை தரமாட்டார். என் முதல் தொகுப்பில் நாலு கதைகளைத் தூக்கச் சொன்னார். எனக்கு இரண்டு வருடம் அவரோடு பேச்சு இல்லை. அந்த நாலு கதைகளையும் நான் தூக்கவில்லை. இன்றைக்கு அவற்றைப் பார்த்தால் கூசுகிறது.

அண்ணனுக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரம் இரண்டு டயாலிசிஸ் என்று ஆனபோது, எழுத்தாளர்கள் அறுபத்து மூன்று பேர் இருக்கிற ஒரு வாட்ஸாப் குழுவில் வங்கிக் கணக்கு எண்ணோடு செய்தி போட்டேன். கூப்பிய கைகள் நாற்பத்தொன்று வந்தன. அழுகிற முகம் பதினொன்று. பணம் அனுப்பியவர்கள் நாலு பேர். அதில் ஒருவர் எழுத்தாளர் இல்லை, எண் மாறி உள்ளே வந்துவிட்ட பிளம்பர். மற்றவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நோட்டைப் புரட்டிப் பார்த்திருப்பார்கள்: இந்த ஆள் எனக்கு எந்த மேடையில் பேசினார்? எந்த அட்டையில் என்னைப் புகழ்ந்தார்? ஒன்றும் இல்லை. பாக்கி இல்லாத வீட்டுக்கு யார் மொய் கொண்டுபோவார்கள்?

அண்ணனைப் பார்க்கப் போனேன். வீட்டில் ஒரு ஜன்னலுக்குக் கதவு சரியில்லை. அதில் பொன்னாடை கட்டியிருந்தார்கள். மிக்சிக்கு ஒரு பொன்னாடை, தண்ணீர்க் குடத்தடியில் மடித்து ஒன்று. "ஜரிகை உறுத்துது, இல்லேன்னா தலகாணி உறை தச்சிருப்பா" என்று அண்ணன் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வந்தேன். அதற்கப்புறம் ஏழு வாரம் நான் போகவில்லை. ஒரு வெளியீட்டு விழா, ஒரு கருத்தரங்கு, இன்னொரு வெளியீட்டு விழா.

எட்டாவது வாரம் செய்தி வந்தது. ஐஸ் பெட்டி வந்து சேர்வதற்குள் அஞ்சலிகள் வந்துவிட்டன. ஒவ்வொன்றிலும் அவர் பெயர் ஒரு முறையும் 'நான்' என்ற சொல் பதினாறு முறையும் இருந்தன. என்னைத் தன் இலக்கிய வாரிசு என்று சொன்னார் என்று ஐந்து பேர் எழுதினார்கள். போன மார்கழியில் இதே ஐவரில் ஒருவர், "அவரெல்லாம் முடிஞ்சுபோன கதை" என்று என்னிடம் சொல்லிவிட்டு வடையைத் தேங்காய்ச் சட்னியில் முக்கினார்.

நினைவுக் கூட்டம் ஒன்று அல்ல, இரண்டு. இரண்டு அணிகள், ஒரே ஞாயிற்றுக்கிழமை, ஒரே நேரம். அண்ணன் எங்களவர் என்று இரண்டு ஃபிளெக்ஸிலும் போட்டிருந்தார்கள். அண்ணியைக் கார் வைத்துக் கூட்டிவந்த அணி ஜெயித்தது. பேச்சாளர் பதினான்கு பேர். என் பெயர் பதினொன்றாவது. பொய் சொல்வானேன், கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

அரங்க வாசலில் ஒரு மேசை. மேசையில் நீள நோட்டு. வருகிறவர்கள் குனிந்து பெயர், ஊர், செல்பேசி எண் எழுதிவிட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். இருவர் மூவர் தங்கள் புத்தகத் தலைப்பையும் அடைப்புக்குறியில் சேர்த்திருந்தார்கள். அண்ணி அந்த மேசைக்குப் பக்கத்தில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அருகில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்:

"தம்பி, இவ்வளவு பேர் எழுதுறாங்களே. ஒருத்தர் கையிலயும் பணம் வாங்குனதா நான் பாக்கல. இதை நாங்க திருப்பிச் செய்யணுமா?"

உள்ளே ஒலிபெருக்கியில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் போய்ப் பதினைந்து நிமிடம் பேசினேன்.