சொந்தக் கால், சொந்தச் செருப்பு

என் தம்பி மகளுக்குச் சோழிங்கநல்லூரில் வேலை கிடைத்துவிட்டது. கிளம்ப மூன்று நாள்தான் இருந்தது. பண்டசோழநல்லூரில் ஒருவர்கூட அவளுக்குப் புத்தி சொல்ல எங்கள் வாசற்படி ஏறவில்லை. எனக்கு அது மனத்தாங்கல்தான். 1991-இல் நான் மெட்ராஸ் கிளம்பியபோது எங்கள் வீட்டுத் திண்ணை மூன்று நாளும் காலியாகவே இல்லை. மல்லாட்டை ஆய வந்தவர்கள், மாட்டைத் தேடி வந்தவர்கள், மோர் கடன் கேட்டு வந்தவர்கள் என்று எல்லோரும் ஆளுக்கொரு புத்தி சொல்லிவிட்டுத்தான் போனார்கள். அவர்களில் ஒருவரும் மெட்ராஸைப் பார்த்ததில்லை. அது ஒரு குறையாக யாருக்கும் தோன்றவில்லை.

ஆயாவின் புத்தி சுருக்கமானது. "டப்பா நெறைய ஊக்கு வச்சிக்க. ஒண்ணு பொடவைக்கு, ஒண்ணு பஸ்ல ஒட்டி நிக்கிறவனுக்கு." வில்லியனூர் தேர்க்கூட்டத்தில் நாற்பது வருஷம் சாமி கும்பிட்ட அனுபவம் அது. குறை சொல்ல முடியாது.

பெரியம்மாவுக்கு நிறங்களில் புலமை. வெள்ளை உடுத்தினால் அழுக்குத் தெரியும். கறுப்பு ஆகாது. சிவப்பு கல்யாணம் ஆனவளுக்கு. ரோஸ் கண்ணை உறுத்தும், நீலம் உடுத்தினால் நான் இன்னும் கறுப்பாகத் தெரிவேன். கழித்துக்கொண்டே வந்ததில் கடைசியில் இலைப்பச்சையும் காவிக்குக் கொஞ்சம் இந்தப்பக்கம் ஒரு மஞ்சளும் மிஞ்சின. அதோடு ஒரு ஃபேர் அண்ட் லவ்லி ட்யூப் வாங்கிக்கொடுத்து, நகரத்துத் தண்ணி பட்டால் ஆறு மாசத்தில் வெளுத்துவிடுவாய் என்று ஆறுதலும் சொன்னார். அந்தக் கம்பெனி 2020-இல் 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'க்ளோ' என்று மாற்றிக்கொண்டது. நான் மட்டும் அப்படியேதான் இருக்கிறேன்.

கல்லூரியில் தமிழாசிரியை கொடுத்தது பாரதிதாசனின் 'குடும்ப விளக்கு'. பாண்டிச்சேரியில், அதுவும் பாரதிதாசன் அரசு மகளிர் கல்லூரியில் படித்தவளுக்கு வேறு என்ன பரிசு கிடைக்கும்? விடியுமுன் எழுந்து வீட்டைத் துலக்கும் பெண்ணைப் பற்றிப் படித்துக்கொண்டே வேலைக்குப் போனேன். அவளுக்கு ஓய்வு என்றால் வேறொரு வேலை. அந்தப் பயிற்சி பின்னால் ரொம்ப உதவியது.

அப்பா புத்தி எதுவும் சொல்லவில்லை. மணியார்டர் பாரத்தை எப்படி நிரப்புவது என்று மட்டும் இரண்டு தடவை சொல்லிக்கொடுத்தார்.

ஊரே சிரித்த புத்தி ஒன்று உண்டு. எதிர்த்தெரு சொல்தா தாத்தா சொன்னது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து இந்தோசீனா வரை போய் வந்தவர். பிரெஞ்சு பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊரின் ஒரே டெலிபோனுக்குச் சொந்தக்காரராக இருந்தார். என் ஜடையையும் புடவையையும் அவர் பார்க்கவில்லை. குனிந்து காலைப் பார்த்தார். "எங்கூட வந்தவங்கள்ல குண்டு பட்டுப் படுத்தவன வுட காலு அழுகிப் படுத்தவன்தாம்மா சாஸ்தி. மொத சம்பளத்துல நல்ல செருப்பா வாங்கு" என்றார். பட்டாளத்துக்கா போகிறாள், ஜவுளிக்கடைக்குத்தானே என்று அப்பா சிரித்தார். எனக்கு ஹவாய்ச் செருப்பு வாங்கிக்கொடுத்தார்கள். சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

தியாகராய நகரில் கடை. பி.காம். படித்தவள் என்பதால் கணக்குப் பிரிவு என்றுதான் சொல்லி அழைத்தார்கள். 'முதலில் தொழில் தெரியட்டும்' என்று புடவைப் பிரிவில் நிறுத்தினார்கள். நிறுத்தினார்கள் என்பதை அப்படியே பொருள் கொள்ளவும். காலை ஒன்பதரையிலிருந்து இரவு ஒன்பது வரை நிற்க வேண்டும். வாடிக்கையாளர் உட்கார மெத்தை உண்டு. எங்களுக்கு முக்காலிகூடக் கிடையாது. சுவரில் சாய்ந்தால் சூப்பர்வைசர் தொண்டையைச் செருமுவார். பெண் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று கல்லூரி ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினர் முழங்கியதற்கு நானும் கைதட்டியிருக்கிறேன். இவ்வளவு நேரடியாகச் சொல்கிறார் என்று அப்போது தெரியாது.

பெரியம்மா கழித்துக் கழித்து மிச்சம் வைத்த இரண்டு நிறங்களும் வீணாயின. கடையே சீருடைப் புடவை கொடுத்துவிட்டது. கத்தரிப்பூ நிறம். அதைப் பற்றி ஊரில் யாரும் தீர்ப்பு சொல்லியிருக்கவில்லை.

உண்மையான புத்திமதிகள் அங்கேதான் கிடைத்தன. மூன்றாம் நாள் ஒரு அக்கா காதோடு சொன்னார்: "தண்ணி குடிக்காதடி." கழிப்பறை நாலாவது மாடியில். போய்வர எத்தனை நிமிஷம் என்று ஒரு நோட்டில் எழுதுவார்கள். அதனால் காலையில் அரை டம்ளர், மத்தியானம் சோற்றோடு அரை டம்ளர். பாவாடை நாடாவை இரண்டு விரல் தளர்த்திக் கட்டு. ஒரு காலில் பாரம் போட்டு நில், பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கால் மாற்று. புடவை எடுத்துப் போடுகிற சாக்கில் கீழ்த்தட்டுக்குக் குனி, குனிந்ததும் அரை நிமிஷம் குந்து. இதெல்லாம் எந்தப் பெண்கள் பத்திரிகையிலும் வரவில்லை. அவற்றில் முகத்துக்குக் கடலைமாவு பூசுவது எப்படி என்றுதான் வந்துகொண்டிருந்தது.

சம்பளம் எழுநூற்றைம்பது. ஊருக்கு முந்நூறு அனுப்புவேன். மணியார்டருக்கு நூற்றுக்கு ஐந்து கமிஷன், ஆகப் பதினைந்து ரூபாய் தபாலாபீசுக்கு. அப்பா போஸ்ட்மேனுக்கு இரண்டு ரூபாய் கொடுப்பார், மகள் சம்பாத்தியம் என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும் இல்லையா? போன் பேசலாம் என்றால், எஸ்.டி.டி. பூத்தில் இரவு பதினோரு மணிக்கு மேல்தான் கால் கட்டணம். மாம்பலத்தில் நான் தங்கிய மகளிர் விடுதியில் ஒன்பதரைக்கே கேட்டைப் பூட்டிவிடுவார்கள். ஊரில் சொல்தா தாத்தா எட்டுக்கே படுத்துவிடுவார். இந்த மூன்று மணிகளும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. வீட்டுக்கு நான் சொன்ன பொய்களெல்லாம் இன்லண்ட் கடிதத்தில் போனவை. 'சௌக்கியம், உட்கார்ந்து பார்க்கிற வேலைதான்.'

நல்ல செருப்பு வாங்க எனக்கு மூன்று வருஷம் ஆனது. அதற்குள் இடது கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டுவிட்டது. இன்றும் மழைக்காலத்தில் தன்னை நினைவுபடுத்தும்.

கேரளத்தில் கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் விஜி என்கிற தையல்காரப் பெண்மணி, 'பெண்கூட்டு' என்று ஓர் அமைப்பைத் தொடங்கிக் கடைப்பெண்களுக்காகப் போராடினார். அவர்கள் முதலில் கேட்டது கழிப்பறை. பிறகு கேட்டது நாற்காலி. 2018-இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடும் 1947-ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்து, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்றது. கடை ஊழியர்களைப் பற்றி வசந்தபாலன் 'அங்காடித் தெரு' படம் எடுத்து அதற்குள் பதினோரு வருஷம் ஓடியிருந்தது. செய்தியைப் பேப்பரில் படித்தபோது நான் பண்டசோழநல்லூர்த் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன், காலை ஒரு முக்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டு. சட்டம் சரியான நேரத்தில்தான் வந்தது. கொஞ்சம் இடம் தவறிவிட்டது.

இப்போது தம்பி மகள் கதைக்கு வருகிறேன். அவளுக்குப் புத்தி சொல்ல ஊரார் வராததற்குக் காரணம் இருக்கிறது. அவள் கைக்குள்ளேயே ஆயிரம் பேர் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். முதல் வேலைக்குப் போகும் பெண்ணுக்குப் பத்தே உடைகள் போதுமாம். அந்தப் பத்தையும் எப்படி மாற்றிப் போட்டாலும் ஒன்றோடொன்று பொருந்துமாம். அதற்கு 'கேப்ஸ்யூல் வார்ட்ரோப்' என்று பெயர். எங்கள் காலத்தில் அதற்கு வறுமை என்று பெயர். வாங்கி வந்து கட்டிலில் பரப்பினாள். எல்லாம் சாணி மெழுகிக் காய்ந்த திண்ணை நிறம். பெரியம்மாவே பரவாயில்லை, இரண்டு நிறமாவது விட்டுவைத்திருந்தார்.

ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கியிருந்தாள். இரண்டு லிட்டர். பக்கவாட்டில் கோடு போட்டு மணி அச்சடித்திருந்தது. பத்து மணிக்குள் இந்தக் கோடு வரை, மதியத்துக்குள் அந்தக் கோடு வரை குடித்தாக வேண்டும். கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில் 'சபாஷ்' என்கிற மாதிரி ஏதோ எழுதியிருந்தது. அதைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னத்த, கனமா இருக்கா?" என்றாள். ஆமாம் என்றேன்.

அதைவிட, அவள் கைக்கடிகாரம். ஒரு மணி நேரம் தொடர்ந்து உட்கார்ந்திருந்தால் மணிக்கட்டில் துடித்து, எழுந்து நில் என்கிறது. ஆபீசில் நின்றுகொண்டே வேலை பார்க்க உயரமான மேசைகூடப் போட்டிருக்கிறார்களாம், அதற்குப் போட்டி அதிகமாம். "உக்காந்தே இருந்தா ஒடம்புக்குக் கேடு அத்தை." இருக்கலாம். என் உடம்பில் அந்தக் கேட்டைச் சோதித்துப் பார்க்க எந்த முதலாளியும் அனுமதிக்கவில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. திண்ணை காலியாக இருக்கிறதே என்று மூன்று பேருக்கான புத்தியை நானே சொன்னேன். தலையை விரித்துப் போடாதே என்று என் வாயிலிருந்து வந்தது. அப்படியே பெரியம்மா குரல். எனக்கே திகைப்பாகிவிட்டது. உடனே பேச்சை மாற்றி, உபயோகமான விஷயங்களுக்குத் தாவினேன். வீட்டுக்காரர் பத்து மாத அட்வான்ஸ் கேட்டால், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாதம்தான் சொல்கிறது என்று சொல். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் போச்சு, அதனால் ஒப்பந்தத்தைப் படி. பி.எஃப்.புக்கு யு.ஏ.என். என்று பன்னிரண்டு இலக்க எண் கொடுப்பார்கள், மாதாமாதம் பணம் ஏறுகிறதா என்று பார். எங்கள் கடையில் பிடித்தார்கள், கட்டினார்களா என்று எனக்கு ஒரு சீட்டும் வந்ததில்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில், 2013-ஆம் வருஷச் சட்டப்படி, பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்க உள்குழு இருக்க வேண்டும். சேர்ந்த முதல் வாரமே அதில் யார் யார் என்று தெரிந்துகொள். தேவைப்படும்போது தேடாதே.

தலையை ஆட்டிக்கொண்டே போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். என்னம்மா என்றேன். வேலை உத்தரவாம், பதினாலு பக்கம். கடைசிப் பக்கத்துக்கு விரலால் ஒரே தள்ளு, 'சம்மதம்' என்று ஒரு தட்டு.

"படிச்சியா?"

"இதெல்லாம் யாரு அத்தை படிப்பா?"

தம்பி வாசல் நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான்.

எங்கள் நெட்டப்பாக்கம் கொம்யூனுக்கு ஒரு பெருமை உண்டு. 1954 மார்ச் 31-இல், பாண்டிச்சேரி நகரத்துக்கு ஏழு மாதம் முன்னாலேயே, இங்கே இந்தியக் கொடி ஏறிவிட்டது. பாண்டிச்சேரித் தலைவர் குபேர் இங்கிருந்துதான் தற்காலிக அரசாங்கம் நடத்தினார். முதலில் விடுதலை வாங்கிய மண் என்று மேடைக்கு மேடை சொல்வார்கள். எனக்கும் ஒரு விடுதலை உண்டு. 2005-இல் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அடுத்த வருஷம் ஊருக்கு வந்தபோது வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டு, இலை எடுத்த கையோடு ஒரு பத்திரத்தை நீட்டினார்கள். அதன் பெயர் விடுதலைப் பத்திரம். பெயர் நன்றாக இருந்தது. 'சும்மா ஒரு பார்மாலிட்டிக்கா' என்றார்கள். எங்கே கையெழுத்து என்று மட்டும் கேட்டேன், பி.காம். படித்தவள். அப்படி எழுதிக்கொடுத்த கரும்பு நிலத்தில் பாதியை விற்றுத்தான் இவளை இன்ஜினியரிங் படிக்கவைத்தது.

"எதுல கையெழுத்து போட்டாலும் முழுசாப் படிச்சிட்டுப் போடு கண்ணு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது, நிறுத்திவிட்டு வருகிறேன் என்று தம்பி நகர்ந்து போனான். எனக்கு மோட்டார் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

அவள் போனைத் திரும்ப எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தாள். வேலையை விட்டு நிற்க வேண்டுமானால் தொண்ணூறு நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்று ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. "ஐயோ, தட்டிட்டனே அத்தை" என்றாள். பரவாயில்லை, அடுத்ததைப் படித்துவிட்டுத் தட்டு என்றேன்.

கிளம்பும் நாள் மடுகரையிலிருந்து வரும் பஸ்ஸுக்கு நின்றோம். பாண்டிச்சேரி போய், கிழக்குக் கடற்கரைச் சாலை வண்டி பிடித்து, அக்கரையில் இறங்கினால் சோழிங்கநல்லூர் பக்கம். அந்தக் காலத்தில் நான் திண்டிவனம் சுற்றிப் போய்க் கிண்டியில் இறங்குவதற்குள் பாதிப் பகல் போய்விடும். ஆயாவின் டப்பாவிலிருந்து ஊக்குக் கொத்து ஒன்றை நீட்டினேன். "இப்பல்லாம் பெப்பர் ஸ்பிரே இருக்கு அத்தை" என்று சிரித்தாள். பஸ் வருகிற சத்தம் கேட்டு அவசரமாகத் தூக்கியதில் பை ஜிப் வாயைப் பிளந்துகொண்டது. இரண்டு ஊக்கு எடுத்துக்கொண்டாள்.

படியில் ஏறும்போதுதான் காலைப் பார்த்தேன். வெள்ளை ஷூ, தடித்த அடி. நாலாயிரம் ரூபாய் என்று தம்பி முணுமுணுத்தான். சொல்தா தாத்தா இருந்திருந்தால் குனிந்து தொட்டுப் பார்த்திருப்பார்.

போகும்முன் பழைய கடிகாரத்தை எனக்குக் கட்டிவிட்டுப் போயிருந்தாள், இதயத் துடிப்பெல்லாம் காட்டும் என்று. அன்று சாயங்காலம் திண்ணையில் முக்காலி மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். மணிக்கட்டில் துடித்தது. எழுந்து நிற்கும் நேரம் என்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் துடித்தது. கழற்றி ஊக்கு டப்பாவில் போட்டு மூடினேன். உள்ளேயும் விடாமல் அது அதிர, ஊக்குகளெல்லாம் கலகலவென்றன.