பாவத்தில் பாதிப் பங்கு

மெதடிஸ்ட் சபையை ஆரம்பித்த ஜான் வெஸ்லிக்கு ஆர்கன் வாத்தியத்தின்மேல் விரோதமே கிடையாது. சர்ச்சில் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் கண்ணிலும் படக்கூடாது, காதிலும் விழக்கூடாது என்று சொன்னதாகக் கதை. வீடு வாடகைக்கு உண்டு, யாரும் குடிவரக்கூடாது என்கிற ஹவுஸ் ஓனர் ரகம்.

ஆனால் பாருங்கள், தம்பி சார்லஸுக்குப் பிறந்த பையன்கள் இரண்டு பேரும் ஆர்கன் மேதைகள்! தம்பி வீட்டிலேயே லண்டன் பிரபுக்களுக்குச் சந்தாக் கச்சேரி. 1781-ல் ஒரு கச்சேரிக்குப் போன பெரியப்பா, பெரிய இடத்து ஆட்களுக்கு நடுவே நெளிந்ததை டைரியில் எழுதிவைத்திருக்கிறார். சின்னவன் சாமுவேல் அதோடு விட்டானா? கத்தோலிக்கப் பக்கம் சாய்ந்து, பூசைக்கு இசை அமைத்து, அதைப் போப்பாண்டவருக்கே சமர்ப்பணம் செய்தான். பெரியப்பாவுக்கு அன்று சோறு இறங்கியிருக்குமா?

அவர் போன பிறகு, 1827-ல், லீட்ஸ் நகர பிரன்ஸ்விக் சேப்பலில் ஆர்கன் வேண்டும் என்றார்கள் டிரஸ்டிகள். வேண்டவே வேண்டாம் என்றார்கள் உள்ளூர்த் தலைவர்கள். மேலிடம் டிரஸ்டிகள் பக்கம் நின்றது. அவ்வளவுதான், சுமார் ஆயிரம் பேர் வெளிநடப்பு செய்து 'பிராட்டஸ்டன்ட் மெதடிஸ்ட்' என்று தனிக்கடை போட்டுவிட்டார்கள். சண்டை நிஜத்தில் யார் பேச்சு எடுபடும் என்பதைப் பற்றித்தான். பழி மட்டும் ஆர்கன்மேல்.

அடுத்த நூற்றாண்டு பிறப்பதற்குள் அமெரிக்கச் சின்ன ஊர் மெதடிஸ்டுகளுக்கே ஆர்கன் ஆசை பிடித்துவிட்டது. எதிர்த்தெரு பாப்டிஸ்ட் சர்ச்சில் ஒன்று வந்துவிட்டால் எப்படித் தூக்கம் வரும்? பணத்துக்கு எழுது கடுதாசி, இரும்புச் சக்கரவர்த்தி ஆண்ட்ரூ கார்னெகிக்கு!

கார்னெகி ஒன்றும் பக்திப் பழம் அல்ல. பிரசங்க மேடையில் பேசுவதற்கெல்லாம் நான் ஜவாபு கிடையாது, ஆர்கன் சொல்வதற்கு வேண்டுமானால் பொறுப்பு என்பது அவர் கட்சி. நியூயார்க் மாளிகையில் காலையில் ஐயாவை எழுப்பவே சம்பளத்துக்கு ஓர் ஆர்கன் வித்வான். அலாரம் கடிகாரம் வாங்க அவருக்கு வசதியில்லை போலிருக்கிறது.

முதலில் முழுப் பணமும் அவரே கொடுத்தார். பிறகு ஸ்காட்லாந்தின் கறார் கிறிஸ்தவர்கள், 'கடவுளைக் கும்பிட விசில் நிரப்பிய பெட்டியா?' என்று பிடிபிடி என்று பிடித்தார்கள். மனிதர் யோசித்தார். பாவம் செய்வதென்றால் கூட்டாளி வேண்டாமா? பாதிப் பணம் சபை போடட்டும் என்றுவிட்டார். இப்படி மொத்தம் 7,689 ஆர்கன்கள். அவர் பாதிக்கு ஒரு கையெழுத்து போதும். சபையின் பாதிக்குப் பெண்கள் கேக் சுட்டு விற்க வேண்டியிருந்தது.

வந்து இறங்கிய ஆர்கனைப் பார்க்க வேண்டுமே! முன்வரிசையில் தங்கப்பூச்சுக் குழாய்கள், பளபளவென்று. அதில் பல வெறும் டம்மி, காற்றே போகாது. குரூப் போட்டோவில் நாற்காலி போட்டு உட்காரும் பிரமுகர்கள் மாதிரி. பாடுவதெல்லாம் பின்னால் இருட்டில் நிற்கும் மரக்குழாய்களும் ஈயக்குழாய்களும்தான். 'வாக்ஸ் ஹியூமனா', அதாவது மனிதக் குரல் என்று ஒரு ஸ்டாப் குமிழ் உண்டு. அதை இழுத்தால் ஆடு கத்துகிறது என்பது வாசிப்பவர்களின் பழைய ஜோக்.

அந்த இருட்டில் ஒரு பையனும் இருந்தான். கரண்ட் ப்ளோயர் வரும்வரை, கைப்பிடியை மேலும் கீழும் அடித்துத் துருத்திக்குக் காற்று ஏற்றியது அவன்தான். காற்று எவ்வளவு இருக்கிறது என்று காட்ட, கயிற்றில் தொங்கும் சின்ன ஈயக்குண்டு. அது கோட்டைத் தாண்டினால் ஆபத்து. பிரசங்கம் நீளும். பையன் பேனாக்கத்தியால் மரச்சட்டத்தில் தன் பெயரைச் செதுக்குவான், அப்படியே கண்ணயர்வான். கடைசிப் பாட்டுக்குச் சபையே எழுந்து நிற்கும். ஆர்கன் மட்டும் 'ஙே' என்று இழுத்து அடங்கும்.

அந்தப் பையன்கள் வளர்ந்து கோட்டு சூட்டு போட்ட பெரிய மனிதர்களானார்கள். 1926-ல் மிச்சிகன் மாநிலத்து த்ரீ ரிவர்ஸ் என்ற சின்ன ஊரில் செட் ஷேஃபர் என்ற பத்திரிகைக்காரர் 'முன்னாள் ஆர்கன் துருத்தி அடிப்போர் சங்கம்' என்றே ஒன்று ஆரம்பித்துவிட்டார், விளையாட்டாகத்தான். அதில் தனக்கு அவர் சூட்டிக்கொண்ட பட்டம் 'கிராண்ட் டயபேசன்'. டயபேசன் என்றால் ஆர்கனிலேயே கம்பீரமான குழாய் வரிசை. டம்மி அல்ல, காற்று போகிற குழாய்.