அழகருக்கு லேக் எவ்வளவு?

அழகர் ஏன் கல்யாணத்துக்குப் பிந்தினார் என்று காஃப்காவோடு மல்லுக்கட்டுகிற எந்த மதுரைப் பையனைக் கேட்டாலும் சொல்வான்: கன்ஸ்யூமர் லேக். செய்திகளை வாங்கி வைத்துப் பரிமாறும் மென்பொருளான காஃப்கா ஒரு மொய் நோட்டு. செய்திகள் எண் போட்டு வரிசையாக ஏறும். எதுவரை படித்தோம் என்ற அடையாளம் ஆஃப்செட். அதற்கும் நோட்டின் கடைசி எண்ணுக்கும் உள்ள இடைவெளிதான் லேக்.

தங்கச்சி மீனாட்சிக்குக் கல்யாணம். அழகர்மலையிலிருந்து 21 கிலோமீட்டர், வழியெல்லாம் மண்டகப்படி. கூப்பிட்ட மண்டபத்திலெல்லாம் நின்று, மூன்றுமாவடியில் எதிர்சேவை கண்டு, தல்லாகுளத்தில் ஆண்டாள் மாலை போட்டு, தங்கக் குதிரையேறி வைகையில் இறங்கினால், கல்யாணம் முடிந்து தேரும் ஓடிவிட்டதாம். வந்ததே கோபம்! ஊருக்குள் காலே வைக்காமல் வண்டியூருக்குத் திருப்பிவிட்டார் குதிரையை.

காஃப்காவும் காத்திருக்காது. அள்ளிய செய்திகளை முடித்துவிட்டு 5 நிமிடத்துக்குள் அடுத்ததைக் கேட்க வராவிட்டால், உங்கள் பங்கைக் கூடவே படிக்கும் குழுவில் வேறொருவருக்குக் கொடுத்துவிடும். மீனாட்சியைத் தாரைவார்க்கத் திருப்பரங்குன்றத்துப் பவளக்கனிவாய்ப் பெருமாள் வந்து நின்றாரே, அப்படி. அப்புறம் வந்து ஆஃப்செட் பதியப் போனால், 'நீ யாருப்பா?' என்று எரர்தான் வரும். மருந்து? ஒரு தடவைக்கு 500 செய்தி வரை அள்ளுவதைக் குறைக்கலாம். அதாவது மண்டகப்படியைக் குறைக்கலாம். அதை மண்டகப்படிக்காரர்களிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள், நான் வரவில்லை.

இதில் ஒரு கூத்து. சித்திரைத் திருவிழாப் பத்திரிகையைப் பார்த்தால், அழகர் மலையை விட்டுக் கிளம்புவதே கல்யாணம் முடிந்த பிறகுதான்! மண்டகப்படி மேல் பழி போட்டது பாவம். அழகர் புதிதாகப் படிக்க வந்த குழு மாதிரி. பழைய ஆஃப்செட் பதிவு இல்லாத குழுவைக் காஃப்கா 'லேட்டஸ்ட்' என்ற இடத்தில்தான் உட்காரவைக்கும். இனி வருவது மட்டும் உனக்கு. 'எர்லியஸ்ட்' என்று மாற்றியிருந்தால் முகூர்த்தக்கால் முதல் பார்த்திருக்கலாம். பழைய செய்தியை அது வழக்கமாக 7 நாள் வைத்திருக்கும், கல்யாணம் முடிந்து அவ்வளவு நாள்கூட ஆகவில்லையே.

விசாரித்தால் கை நீளுவது திருமலை நாயக்கர் (1623–1659) பக்கம். மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தையும், தேனூரில் ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்த அழகரையும் சித்திரையில் சேர்த்துக் கட்டியவர் அவர்தான் என்பார்கள். காஃப்கா பாஷையில் ஒரே டாபிக், அதாவது ஒரே தலைப்பு; அதற்குள் இரண்டு பார்ட்டிஷன், அதாவது தனித்தனி நோட்டு. ஒவ்வொன்றுக்குள்ளும் வரிசை பிசகாது. இரண்டுக்கும் நடுவே யார் முந்தி, யார் பிந்தி என்பதற்குக் காஃப்கா உத்தரவாதம் தராது, நாயக்கரும் தரவில்லை.

பக்கைத் திருத்த யாருக்கும் மனசில்லை. 'அண்ணனுக்குக் கோபம்' என்று ஜனங்கள் டாக்குமென்டேஷன் எழுதி முடித்துவிட்டார்கள்.