வள்ளுவரா, சர்வக்ஞரா: பை-டூ காபி விவாதங்கள் குறித்து ஓர் ஆய்வு

பெங்களூரில் ஒரு காபியை இருவர் பங்கிட்டுக்கொள்வார்கள். ஞானியரைப் பங்கிட்டுக்கொள்ள மாட்டார்கள். இதுவே இவ்வாய்வின் கருதுகோள். ஆய்வுக்களம், அல்சூர் ஏரிப் பக்கத்துத் தர்ஷினி ஓட்டல்கள். அங்கே நின்றுகொண்டேதான் சாப்பிட வேண்டும் என்பதால், ஆவேசம் வந்து எழுந்து நிற்கும் சிரமம் வாதிகளுக்கு மிச்சம்.

களத்துக்கு வரலாறு உண்டு. 1991 முதல் 18 ஆண்டுகள் இங்கே திருவள்ளுவர் சிலை திறக்கப்படாமல் மூடிக் கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9 அன்று, அப்போதைய கர்நாடக முதல்வர் எடியூரப்பா உடனிருக்க, தமிழக முதல்வர் கருணாநிதி அதைத் திறந்துவைத்தார். நான்கே நாளில், 13ஆம் தேதி, சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையாக எழுந்தார். இரு அரசுகளுக்கும் கணக்கு நேராயிற்று. காபிக்காரர்களுக்கு ஆகவில்லை.

"எங்க ஆளு ரெண்டே அடியில முடிச்சிட்டாரு" என்பார் தமிழர். "மூணாவது அடி இருந்திருந்தா இன்னும் வெளங்கியிருக்கும் சார்" என்பார் சர்வக்ஞரின் மூன்றடித் திரிபதியில் ஊறிய கன்னடர். கணக்குப் பார்த்தால் குறள் ஒன்றே முக்கால் அடிதான் என்று யாப்பு தெரிந்த ஒருவர் நடுவில் சொல்லிவைப்பார். அன்றோடு அவருக்கு இரு தரப்பிலும் நட்பு போயிற்று.

இதற்குள் குரல் ஏறியிருக்கும். வெகுளாமைக்கென்றே 31ஆம் அதிகாரத்தை ஒதுக்கிய மனிதருக்காகக் கண் சிவப்பது முரண்தான். ஆனால் யாரும் பத்து ஞானிகளை ஒப்பிட்டுப் பார்த்து ஒருவரைத் தேர்ந்தெடுப்பதில்லை. மூன்றாம் வகுப்பில் பிரம்புக்குப் பயந்து மனப்பாடம் செய்தவரே கடைசிவரை நம்மவர். அவரைக் குறைத்துப் பேசினால் வாத்தியாரையும் வீட்டையும் சேர்த்தே பேசியதாகிறது. அரிஸ்டாட்டிலும் கேட்பவர் உணர்ச்சியைத் தூண்டுவதை இணங்கவைக்கும் மூன்று வழிகளில் ஒன்றாகவே வைத்தார். உணர்ச்சிகளை விவரிக்கப் புகுந்தபோது அவர் முதலில் எடுத்துக்கொண்டது கோபம்.

நம் பக்கத்துத் தர்க்க நூலான நியாய சூத்திரம் இன்னும் தாராளம். வாதத்தில் ஒருவர் தோற்றார் என்று தீர்மானிக்க அது 22 தோல்வித்தானங்களை அடுக்குகிறது. சொன்னதையே திரும்பச் சொல்வது தோல்வி. பதில் தோன்றாமல் விழிப்பது தோல்வி. வேறு வேலை இருப்பதாகச் சொல்லிப் பாதியில் கழன்றுகொள்வதும் தோல்வி. பட்டியலில் கோபம் இல்லை! ஆகவே மேசையைத் தட்டிக் கத்துபவர் இன்னும் ஆட்டத்தில் இருக்கிறார். கைக்கடிகாரத்தைப் பார்த்து "சில்க் போர்டுல ட்ராஃபிக் ஆயிடும்" என்றவர் தோற்றுவிட்டார்.

மீதி இருப்பவர் சமாதானக்காரர். "எல்லாரும் சொன்னது ஒண்ணுதாங்க" என்று சிரித்தபடி இரு பக்கத்தையும் கவிழ்த்துவிட்டு, தமக்கென்று ஒரு பக்கமும் வைத்துக்கொள்ளாதவர். தன் கட்சியை நிறுவாமல் பிறர் கட்சியை மட்டும் கலைப்பதற்கு நியாய சூத்திரம் வைத்த பெயர் விதண்டை. இலக்கணப்படி, அந்த மேசையில் விதண்டாவாதி அவர் ஒருவரே. காபிக்கான காசை அவரிடமே வசூலிக்க வேண்டும் என்பது இவ்வாய்வின் தீர்ப்பு.