கடற்கரையில் இறங்கிய பெரியப்பா

கே.ஜி.கண்டிகையில் கடல் கிடையாது. ரயிலும் கிடையாது. இரண்டையும் ஒரே நாளில் காட்டிவிடுவதென்று 1989 கோடை விடுமுறையில் பெரியப்பா முடிவு கட்டினார். படை புறப்பட்டது: பெரியப்பா, பெரியம்மா, ஆயா, பொடிசுகள் ஆறு, ஒரு தூக்கு நிறையப் புளிச்சோறு. திருத்தணி வரை பஸ், அப்புறம் மதராஸுக்கு ரயில்.

மதராஸ் மேல் பெரியப்பாவுக்குத் தனி உரிமை இருந்தது. சித்தூர் ஜில்லாவில் கிடந்த திருத்தணி, ம.பொ.சி.யின் வடக்கெல்லைப் போராட்டத்தால் 1960 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டுப் பக்கம் வந்து சேர்ந்தது. (தேதியைப் பார்த்துச் சிரிப்பவர்கள் எங்கள் ஊர்ப் பக்கம் வர வேண்டாம்.) அந்த மறியலில் தாமும் இருந்ததாகப் பெரியப்பா சொல்லுவார். "மறியலு இன்னா மறியலு, அன்னிக்கு மாட்டை ஓட்டிக்கினு போயி தொலைச்சிட்டு வந்தான்" என்பாள் ஆயா. வரலாற்றில் இப்படி இரண்டு கட்சி எப்போதும் உண்டு.

ரயிலேறிக் கடல் பார்த்துவிட்டு ராத்திரிக்குள் வீடு திரும்பும் இந்தப் பைத்தியத்தைத் தொடங்கிவைத்தவன் வெள்ளைக்காரன்தான். 1841 ஜூலையில் தாமஸ் குக் என்ற மதுவிலக்குக்காரர் சுமார் ஐந்நூறு பேரை ஆளுக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ரயிலில் கூட்டிப்போனார். குடிக்காதவர்களுக்குப் பொழுது போக வேண்டுமே! அதே வருஷம் செப்டம்பரில் லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ரயில் வந்தது. ஸ்டேஷனை விட்டு நேர்த்தெருவில் இறங்கினால் கால்மணி நேரத்தில் கடல். அங்கே சீமாட்டிகள் நனைவதற்குச் சக்கரம் வைத்த மரக்கூண்டு இருந்தது. குதிரை அதைத் தண்ணீருக்குள் இழுத்துப்போகும். அம்மணி உள்ளேயே உடை மாற்றி, யார் கண்ணிலும் படாமல் இறங்குவாள். கடலுக்குக் கூச்சமாக இருக்கும் என்று நினைத்தார்களோ என்னவோ.

நாங்கள் சென்ட்ரலில் இறங்கி, ரோட்டைத் தாண்டி, பார்க் ஸ்டேஷனுக்குப் போனோம். வந்த மின்சார வண்டியின் நெற்றியில் 'கடற்கரை' என்று எழுதியிருந்தது. "பார்த்தியா, ஊட்டு வாசல்லயே எறக்கிவிடறான்" என்றார் பெரியப்பா. கோட்டை தாண்டியதும் கடற்கரை. இறங்கினோம். வெளியே பர்மா பஜார். டேப்ரெக்கார்டர், டார்ச் லைட்டு, சிங்கப்பூர் கைலி. அந்தண்டை துறைமுக மதில், மதிலுக்கு மேலே கிரேன். கடலைக் காணோம்.

கடைக்காரர் ஒருவரிடம் பெரியப்பா கேட்டார்: "கடல் எங்கண்ணா?" அவர் எங்கள் ஒன்பது பேரையும், தூக்கையும் பார்த்தார். "கால்குலேட்டர் இருக்குது, வேணுமா?" என்றார்.

அன்று முழுக்கப் பெரியம்மா சிரித்தாள். முப்பது வருஷம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது: பெரியப்பா தப்பான ஸ்டேஷனில் இறங்கவில்லை. நூறு வருஷம் லேட்டாக இறங்கினார், அவ்வளவுதான்.

ஒரு காலத்தில் அலை அந்த ஸ்டேஷன் வாசல் ரோட்டோரம் வரை வந்துகொண்டிருந்தது. மதராஸைக் கட்டிய கும்பினியார் செய்த அரிய காரியம், கப்பல் நிற்க இடமில்லாத கரையாகப் பார்த்துக் கோட்டை கட்டியது. கப்பல் தூரத்தில் நிற்கும். துரைமார் மசூலாப் படகில் இறங்க வேண்டும். ஆணியே இல்லாமல் கயிற்றால் தைத்த பலகை. அலை அடித்தால் வளைந்து கொடுக்கும். நடுவழியில் படகுக்காரர்கள் கூலியை உயர்த்திக் கேட்பார்கள் என்று துரைமார் புலம்பியிருக்கிறார்கள். பாதிக் கடலில் நிற்கிறவன் என்ன பேரம் பேசுவான்? உலகையே மிரட்டிய சாம்ராஜ்யம் தொப்பலாக நனைந்தபடி சில்லறை எண்ணிக் கொடுத்தது.

அவமானம் தாளாமல் துறைமுகம் கட்டினார்கள். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். வேலை ஒருவழியாக முடிகிற நேரத்தில், 1881 நவம்பரில் புயல் வந்து அலைதடுப்புச் சுவரைப் பெயர்த்துப் போட்டது. திரும்பக் கட்டினார்கள். அந்தச் சுவர்தான் வில்லங்கம். இந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே போய்க்கொண்டே இருக்கும். சுவர் குறுக்கே நின்றதும் மணல் தெற்கே தங்கியது; மெரினா வருஷா வருஷம் அகலமாயிற்று. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. தெற்கே மணல் சேர்ந்த நேரம் பார்த்து கவர்னர் கிராண்ட் டஃப் 1884-இல் நடைபாதை போட்டு, சிசிலித் தீவு ஞாபகத்தில் 'மெரினா' என்று பெயரும் வைத்தார். ஸ்டேஷன் பக்கமோ அலை போய்விட்டது, பெயர்ப்பலகை மட்டும் மிச்சம்.

பெரியப்பா அன்றே வாதாடினார். ஹைகோர்ட் கோபுரத்தைக் காட்டி, "அது உச்சியில லைட்ஹவுஸ் இருந்திச்சி. கடல் இல்லாமயா வெச்சான்?" என்றார். சரியான சாட்சி! 1894 முதல் 1977 வரை அந்தக் கோபுரத்தில்தான் விளக்கு எரிந்தது. கோர்ட்டு வாசலிலேயே கேஸ் ஜெயித்தும் ஆயா தீர்ப்பை ஒத்துக்கொள்ளவில்லை. "காலு நோவுது, பஸ்ஸ பாரு."

கடைசியில் அண்ணா சமாதி ஸ்டாப்பில் இறங்கினோம். முதல் வேலை எம்.ஜி.ஆர். சமாதி. கல்லில் காது வைத்தால் அவர் வாட்ச் ஓடுவது கேட்கும் என்று ஊரே சொன்னது. பெரியப்பா காது வைத்தார். கண் கலங்கியது. "ஓடுது." ஆயாவும் வைத்தாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சாவி யாரு குடுக்கறாங்க?" என்றாள். பின்னால் நின்ற வரிசை முறைத்த முறைப்பில் நாங்கள் மணலுக்கு ஓடினோம்.

கடலைக் கண்டதும் ஆயா கற்பூரம் ஏற்றினாள். காற்று அணைத்தது. மறுபடி ஏற்றினாள். ஏழு தீக்குச்சிக்குப் பிறகு வெறுங்கையாலேயே கும்பிட்டுவிட்டு, புடவையோடு, கூண்டும் குதிரையும் இல்லாமல் இறங்கி உட்கார்ந்துகொண்டாள். குதிரை எங்களுக்குத்தான் கிடைத்தது. நாலடி நடந்து நின்றுவிட்டது. புளிச்சோற்றில் பாதி மணல். சுண்டலில் மீதி மணல். கிளம்பும்போது ஆயா ஒரு கலர் பாட்டிலில் கடல்தண்ணியைத் தீர்த்தமாகப் பிடித்து, துணி அடைத்துப் பையில் வைத்தாள்.

திரும்பும் வண்டியில், திருவள்ளூர் தாண்டி இருட்டில், தாகமெடுத்த பெரியப்பா பைக்குள் கைவிட்டார். அதற்குப் பிறகு அரக்கோணம் வரை அவர் வரலாறு பேசவில்லை.

மறுநாள் தெருவே ஆயாவிடம் கதை கேட்க வந்தது. சமுத்திரம் எப்படி இருந்தது?

"பெருசாத்தான் கீது" என்றாள். "நம்ம திருத்தணி மலைக்கு முந்நூத்தி அறுபத்தஞ்சு படி. பொய்கைக்குப் படி. இத்தினி வருசம் ஆண்டானே வெள்ளக்காரன், அதுக்கு ஒரு படி கட்டுனானா?"